பூனை கடித்த லெப்பர்ட் கெக்கோவை வீட்டில் வைத்துத் தேற்றுவது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது படித்தாலும் அவர்களுக்கும் உதவும். வீடு கனடாவின் ஸ்காபரோவில். மகள் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கும் ஒரு பல்லி வகை), வயது நாலு. மூடி சரியாகப் பொருந்தாத தொட்டியிலிருந்து பூனை அதை இழுத்துப் போட்டுவிட்டது. வால் கழன்றுவிட்டது, விலாவில் இரண்டு பல் குத்து, வலப் பின்னங்காலில் தொடை எலும்பு முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. டாக்டர் காயத்தைக் கழுவி, மூன்று நாளுக்கு ஒருமுறை போட ஊசி மருந்தும், வலிக்கு வாயில் விடும் மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலு நாளாகச் சாப்பிடவில்லை. வால் திரும்ப வருமா, கால் கூடுமா, எப்படிச் சாப்பிட வைப்பது, அம்மம்மா சொல்வதுபோல மஞ்சள் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஊர்வனவும் பறவைகளும் வந்துபோகும் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்ப்பவன், வீட்டிலும் கெக்கோ வளர்ப்பவன். அதனால் மருந்தின் அளவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். அதை உங்கள் டாக்டர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சின்ன உயிர் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் சூடு, தண்ணீர், சுத்தம் இவற்றைப் பொறுத்தது. அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில், உடனே டாக்டரிடம் கொண்டுபோனீர்களே, அதிலேயே பாதிக் கண்டம் தாண்டியாயிற்று. பூனைக் கடி பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். பூனையின் கோரைப்பல் ஊசி போல மெல்லியது. தோலில் ஒரு புள்ளி மட்டும் விட்டு உள்ளே ஆழமாக இறங்கும். பூனைகளின் வாயில் பாஸ்டியூரெல்லா என்ற கிருமி சாதாரணமாகவே குடியிருக்கும். அது உள்ளே போய்விட்டால் மேலே புள்ளி மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போலத் தண்ணீராக வடியாது. பாலாடைக் கட்டி மாதிரி கெட்டியாகத் திரண்டு அப்படியே நிற்கும். அமுக்கினால் வராது, மருந்து மட்டும் கொடுத்தாலும் கரையாது. டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டும். ஆகவே விலாவில் அந்தக் குத்துகள் இருக்கும் இடத்தைத் தினமும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். கடினமான சின்ன உருண்டை ஏதாவது எழும்பினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். காயம் ஆறிய மாதிரித் தெரிகிறதே என்று ஊசியைப் பாதியில் நிறுத்திவிடவும் கூடாது.

சரி, சூட்டுக்கு வருவோம். நமக்குக் கிருமி தொற்றினால் உடம்பு தானாகவே காய்ச்சலை ஏற்றிக்கொள்ளும். கெக்கோவால் அது முடியாது. சூடான இடத்தில் போய்ப் படுத்துத்தான் அது தன் காய்ச்சலை ஏற்றிக்கொள்ள வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ க்ளூகர் குழுவினர் 1975இல் பாலைவன இகுவானாக்களுக்கு (ஓணான் போன்ற ஒரு பெரிய பல்லி) கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சூடு கூடக்கூடப் பிழைத்தவை கூடின. குளிர்ந்த பக்கம் வைத்தவைதான் அதிகம் செத்தன. அது பாலைவன உயிர், அதற்கான சூட்டை உங்கள் கெக்கோவுக்கு வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும். அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: சூடு போதவில்லை என்றால் எதிர்ப்புச் சக்தியும் வேலை செய்யாது, மருந்தும் உடம்பில் சரியாகப் பரவாது, சாப்பிட்டதும் செரிக்காது. என்னிடம் "ஊசி போட்டும் தேறவில்லை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பெட்டியின் சூடு எவ்வளவு என்பதைத்தான். பல நேரம் பதில் "கையை வைத்தால் இதமாக இருக்கிறது" என்பதாகத்தான் இருக்கும். கையை நம்பாதீர்கள்.

லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்தில் தரை 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும், ஒரு டிகிரி கூடினால் பாதகமில்லை. மறுபக்கம் 25 அல்லது 26. சாதாரண நாள்களில் இரவு அறைச் சூட்டுக்கு இறங்கினாலும் அது தாங்கும், ஆனால் காயம்பட்டிருக்கும்போது இரவிலும் 23க்குக் கீழே போக விடாதீர்கள். பெட்டிக்கு அடியில், வெளிப்புறமாக, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) போடுங்கள். அதைத் தெர்மோஸ்டாட்டில் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) இணைத்து, அதன் உணர்கம்பியை மேட்டுக்கு நேர் மேலே பெட்டியின் தரையில் ஒட்டி வையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் நாற்பதைத் தாண்டிச் சூடேறும். கால் முறிந்து நகர முடியாமல் கிடக்கும் உயிர் அதன்மேல் படுத்தால் வயிறு வெந்துபோகும், புண்ணோடு தீப்புண்ணும் சேரும். "ஹீட் ராக்" என்று கடையில் விற்கும் சூடேறும் கல்லை எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள்.

இப்போது பெட்டி. பழைய தொட்டி வேண்டாம், அது எவ்வளவு அழகாக அமைத்திருந்தாலும். மூடி பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, நீளம் நாற்பது ஐம்பது சென்டிமீட்டர் இருந்தால் போதும். காற்றுக்குப் பக்கவாட்டில் துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தால் அலைச்சல் குறையும், முறிந்த காலுக்கு ஓய்வு கிடைக்கும், சூட்டையும் கட்டுக்குள் வைக்கலாம். தரைக்கு வெள்ளை கிச்சன் டவல், இரண்டு மூன்று மடிப்பு. மணல், தேங்காய் நார்த் தூள், மரத்தூள் எதுவும் கூடாது, எல்லாம் புண்ணில் ஒட்டும். வெள்ளையாக இருப்பதில் இன்னொரு வசதி: ரத்தக் கசிவு, சீழ், கழிவின் நிறம் எல்லாம் உடனே தெரியும். அழுக்கானால் அப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டாலும் தினம் ஒருமுறை.

ஏறிக் குதிக்கக் கல், கட்டை எதுவும் வைக்காதீர்கள். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் வைத்தால், ஒளிவதா குளிர் காய்வதா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டி வரும். பயந்த கெக்கோ எப்போதும் ஒளியத்தான் போகும். மார்ஜரின் டப்பாவைக் கவிழ்த்து ஒரு பக்கத்தை அகலமாக வெட்டிவிட்டால் போதும், விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். வாசல் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும், அந்தப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு படி ஏற வைக்காதீர்கள். தண்ணீர் ஜாம் பாட்டில் மூடியளவு தட்டையான பாத்திரத்தில் இருக்கட்டும். பெட்டியைச் சுற்றி மூன்று பக்கம் துணி போட்டு மறையுங்கள். முக்கியமாக, பூனை அந்த அறைக்குள் வரவே கூடாது. மூடி இறுக்கமாக இருந்தாலும் சரி. பெட்டிக்கு வெளியே பூனை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அது சாப்பிடாது. நாலு நாளாகச் சாப்பிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கவனியுங்கள்.

மஞ்சள் பற்றி. அம்மம்மா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். குத்துக்காயம் உள்ளிருந்து ஆறி வெளியே வர வேண்டும். குத்தின் வாயில் பொடியை அடைத்தால் அது மேலே மூடிக்கொண்டு உள்ளே புழுங்கும். அதோடு மஞ்சள் பூசிய தோலில் சிவப்பா, கறுப்பா, பச்சையா என்று ஒன்றும் தெரியாது, நமக்கு அந்த நிறம்தான் செய்தி. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் புதிதாக முளைக்கும் திசுவையே எரித்துவிடும். வலி குறைக்கும் மருந்து சேர்த்த ஆயின்மென்ட்டுகள் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும். பெயரில் "பெயின் ரிலீஃப்" என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், அதில் உள்ள மரத்துப்போகச் செய்யும் மருந்து சின்ன உடம்புக்கு விஷமாகலாம். நமக்கான பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டாக்டர் கழுவச் சொல்லியிருந்தால் மட்டும் கழுவுங்கள். மருந்துக்கடை சலைன் போதும். போவிடோன் அயோடின் சொல்லியிருந்தால் அதை அப்படியே ஊற்றாமல், பால் விடாத மெல்லிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். சிரிஞ்சில் எடுத்து மெதுவாக ஓடவிடுங்கள், பஞ்சால் தேய்க்க வேண்டாம், பஞ்சின் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும். சில்வர் சல்பாடயசின் கிரீம் கொடுத்திருந்தால் மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள், அப்பிவிட்டால் கிச்சன் டவல் அதில் ஒட்டி உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். புண் திறந்திருக்கும்வரை கூடாது. கெக்கோ சூடான தண்ணீரில் இறங்கியதும் அதிலேயே கழித்துவிடும், அந்தத் தண்ணீரில்தான் பிறகு புண் ஊறும். தோல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சும் என்பதும் தவறான எண்ணம். அது வாயால்தான் குடிக்கும்.

ஊசி போடுவதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் அது அநேகமாகச் செப்டாசிடிம் என்ற கிருமிக்கொல்லி மருந்து. கரைத்த பிறகு அது நெடுநாள் தாங்காது, அதனால் பல மருத்துவமனைகளில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிரிஞ்சாக நிரப்பி, உறைய வைத்துத் தருவார்கள். உங்களுக்கும் அப்படித் தந்திருந்தால் போடும் நேரத்துக்குச் சற்று முன் எடுத்து, மூடிய கைக்குள் வைத்துக்கொண்டால் இளகிவிடும். மைக்ரோவேவ், வெந்நீர் இரண்டும் மருந்தைக் கெடுக்கும். அளவு ஒரு சொட்டு கூட இராது, ஊசி இன்சுலின் ஊசியளவு மெல்லியது. ஒருவர் மடித்த ஈரத் துணியில் அதைத் தளர்வாகச் சுற்றித் தலையையும் முன் பக்கத்தையும் மட்டும் வெளியே விட்டுப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றவர் டாக்டர் காட்டிய இடத்தில் போடட்டும். வழக்கமாக முன்பாதி உடம்பில்தான் போடச் சொல்வார்கள். பின்பாதியிலிருந்து வரும் ரத்தம் முதலில் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால் அந்த முறை. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இந்த வேலையை மகளிடம் விடாதீர்கள். பிறகு அந்தக் கைகளைக் கண்டால் அது ஓடும்.

வலி மருந்தோடு ஒரு எச்சரிக்கை உண்டு. மெலாக்சிகாம் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர். மூக்கு நுனியில் சிரிஞ்சால் ஒரு சொட்டு வையுங்கள்; கொஞ்ச நேரத்தில் நாக்கு வெளியே வந்து நக்கும். நக்கினால் அடுத்த சொட்டு. வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நீர் போதுகிறதா என்பதைக் கழிவில் பார்க்கலாம். கறுப்பான கழிவோடு ஒரு வெள்ளைத் துண்டு வரும், அதுதான் சிறுநீர். அது மிருதுவாக, வெள்ளையாக இருந்தால் சரி. மஞ்சள் ஓடி, சுண்ணாம்புக்கட்டி போல உதிர்ந்தால் நீர் பற்றவில்லை. கண் உள்ளே போயிருந்தாலோ விலாத்தோலை லேசாகக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றாலோ டாக்டரிடம் போய்த் தோலுக்கடியில் திரவம் ஏற்றச் சொல்லுங்கள்.

நாலு நாள் சாப்பிடாதது பற்றி. நன்றாக இருக்கும் பெரிய லெப்பர்ட் கெக்கோ இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். உங்களுடையதற்கு அந்தச் சேமிப்பு பூனையோடு போய்விட்டது. ஆகவே "அது தானாகச் சாப்பிடும்" என்று விட்டுவிட முடியாது, பதற்றமும் தேவையில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை எடுங்கள். சின்ன டப்பாவில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். ஒப்பிட வேண்டியது வால் போன பிறகு மருத்துவமனையில் எடுத்த எடையோடு. பழைய எடையோடு ஒப்பிட்டால் வாலின் கனம் சேர்ந்து குழப்பும். அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் டாக்டருக்குச் சொல்லும் நேரம் அது.

சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் கொடுங்கள், அது இரை தேடும் நேரம் அதுதான். டூபியா கரப்பானோ மீல்வோர்மோ, தலையை நசுக்கி அசையாமல் செய்து, இடுக்கியால் மூக்கருகே மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். உடைத்த புழுவின் உள்சாற்றை உதட்டில் தொட்டுவிட்டால் நக்கும், நக்கிய ருசியில் கடிக்கும். வேக்ஸ்வோர்ம் கொழுப்பு அதிகம், பழக்கமாகிவிட்டால் வேறெதையும் தொடாது, ஆனால் இப்படியான நேரத்தில் ஒன்றிரண்டு கொடுத்து வாயைத் திறக்க வைப்பதில் தப்பில்லை. அதுவும் நடக்கவில்லை என்றால், இறைச்சி தின்னும் விலங்குகளுக்கென்று ஆக்ஸ்போ, எமரெய்ட் போன்ற நிறுவனங்கள் விற்கும் நோயாளி உணவுத்தூளை டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கூழாகக் கரைத்து, தண்ணீர் கொடுத்த அதே முறையில் உதட்டில் வையுங்கள். தாடையை வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம், மெல்லிய எலும்பு. சூடு குறைவாக இருக்கும்போது எதையும் ஊட்டவே வேண்டாம், வயிற்றுக்குள் அப்படியே கிடந்து அழுகும்.

இதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்: உயிருள்ள கிரிக்கெட் பூச்சியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசித்த கிரிக்கெட் புண்ணைத் தின்னும். நகர முடியாத கெக்கோவின் விரலையும் வால் அடியையும் இரவோடு இரவாகக் குதறிவிடும். பெட்டியில் போட்ட பூச்சியைக் கால் மணி நேரத்தில் அது தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

வால் வரும். கவலையே வேண்டாம். கெக்கோவின் வால் எலும்புகளில் கழன்றுகொள்வதற்கென்றே பலவீனமான இடங்கள் இருக்கின்றன. கழன்றதும் ரத்தக் குழாய் தானாகச் சுருங்கிக்கொள்ளும், அதனால்தான் பயந்த அளவுக்கு ரத்தம் போகவில்லை. உங்கள் மகள் அறுந்த வால் துள்ளியதைப் பார்த்து அழுததாக எழுதியிருந்தீர்கள். கல்கரி பல்கலைக்கழகத்தின் ஆண்டனி ரஸ்ஸலும் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் டிமோதி ஹையமும் 2009இல் லெப்பர்ட் கெக்கோ வால்களை வைத்தே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். மூளையோடு தொடர்பே இல்லாமல் அது ஆடும், புரளும், சில சென்டிமீட்டர் எம்பிக் குதிக்கும். அரை மணி நேரம் வரையும் அசையும். பூனை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கெக்கோ தப்பிக்கும், அதற்காகத்தான். வாலுக்கு வலிக்காது என்று மகளிடம் சொல்லுங்கள்.

அடித்தண்டில் முதலில் காய்ந்த பொருக்கு ஒன்று கட்டும், அதை உரிக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் சாம்பல் நிறத்தில் மழுங்கலான ஒரு மொட்டு எழும்பும். ஓரிரு மாதத்தில் டர்னிப் கிழங்கு வடிவத்தில் ஒரு குட்டை வால் இருக்கும். அதற்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புத் தண்டுதான். பழைய புள்ளிகளும் கணுக்களும் அப்படியே திரும்ப வராது, ஆனால் கொழுப்புச் சேர்க்கும் வேலையை அது நன்றாகவே செய்யும். (இது எல்லாக் கெக்கோவுக்கும் பொருந்தாது. நியூ கலிடோனியாவிலிருந்து வந்த கிரெஸ்டட் கெக்கோ வாலை இழந்தால் இழந்ததுதான், திரும்ப வராது.) அடித்தண்டு ஈரமாகி, நாற்றம் வந்து, கறுப்பு உடம்பை நோக்கி மேலே ஏறினால் அது அழுகல், அன்றைக்கே டாக்டர்.

கால்தான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பல்லி வகைகளில் பின்னங்கால் முறிந்தால் அதை வாலோடு சேர்த்து வைத்துக் கட்டுவது ஒரு எளிய முறை, வாலே பட்டையாக நிற்கும். உங்கள் கெக்கோவுக்கு வால் இல்லை. டாக்டர் கட்டுப் போடாமல் பெட்டி ஓய்வு மட்டும் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும், அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். நீங்களாக ஐஸ்க்ரீம் குச்சி வைத்துக் கட்டிவிடவும் வேண்டாம். சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத தொடையில் கட்டு ஒரு நூல் இறுகினாலும் பாதம் செத்துவிடும். ஊர்வனவற்றின் எலும்பு கூடுவது மாதக் கணக்கு. எக்ஸ்ரேயில் முழுதாகக் கூடியதாகத் தெரிவதற்கு முன்பே அது காலை ஊன்ற ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்துப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். தினமும் விரல்களின் நிறத்தைப் பாருங்கள். வீங்கினாலோ கருத்தாலோ சொல்ல வேண்டும். கோணலாகக் கூடினாலும் லெப்பர்ட் கெக்கோ சமாளிக்கும், அது சுவரில் ஏறும் வகை இல்லை, அதன் பாதத்தில் ஒட்டும் பட்டைகளே கிடையாது. காலை எடுக்க வேண்டி வந்தாலும் மூன்று காலோடு பல ஆண்டு நன்றாக வாழும். எடுத்தால் இடுப்பு மூட்டருகே எடுப்பார்கள். பாதி விட்டால் அந்தக் கட்டை தரையில் உரசி உரசிப் புண்ணாகிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: எக்ஸ்ரேயில் மற்ற எலும்புகள் நல்ல வெள்ளையாக இருந்தனவா? பூனை கடித்தால் எந்த எலும்பும் முறியும்தான். ஆனால் பூச்சிக்குக் கால்சியம் தூள் தூவாமல் கொடுத்து வளர்த்த கெக்கோவின் எலும்பு மென்மையாகிவிடும், தாடை ரப்பர் போல வளையும், கையிலிருந்து குதித்தாலே கால் முறியும். அப்படி இருந்தால் கால்சியமும் டி3 வைட்டமினும் கொடுக்காமல் எந்த முறிவும் ஒன்றுசேராது. சேராதது மட்டுமில்லை, அடுத்த எலும்பும் போகும். அவர் சொல்லும் அளவுக்கு மேல் நீங்களாக டி3 சேர்க்கவும் வேண்டாம், அது கூடினாலும் கெடுதல்.

அப்புறம் தோல் உரித்தல். காயத்துக்குப் பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக உரிக்கலாம். உடம்பு வெளிறிப் பால் நிறமானால் ஓரிரு நாளில் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். ஒளியும் டப்பாக்களில் ஒன்றுக்குள் நனைத்துப் பிழிந்த கிச்சன் டவலைப் போட்டு ஈர அறையாக்குங்கள். பாசி இப்போதைக்கு வேண்டாம், புண்ணில் ஒட்டும். கெக்கோ வாயால் கவ்வி இழுத்துத்தான் தோலைக் கழற்றும், காலுறை கழற்றுவது மாதிரி. முறிந்த காலை அது வளைத்து வாய்க்குக் கொண்டுவர முடியாததால் அந்த விரல்களில் மட்டும் தோல் வளையமாக நின்றுவிடும். நின்ற வளையம் காய்ந்து இறுகி விரலையே அறுத்துவிடும். உரித்த மறுநாள் ஐந்து விரலையும் எண்ணிப் பாருங்கள். ஏதாவது மிச்சமிருந்தால் ஈர டவலில் சற்று நேரம் விட்டு, நனைத்த காதுக் குச்சியை விரலின் மேல் உருட்டினால் வந்துவிடும். புண்ணின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை இழுக்காதீர்கள். அடுத்தடுத்த உரிப்புகளில் அந்தத் தழும்பு தானாகவே மங்கிக்கொண்டு வரும்.

அவசரம் என்று எதைச் சொல்வது? வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், வயிற்றுத் தோலில் இளஞ்சிவப்பாகப் பரவும் நிறம் (கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதன் அடையாளம்), இரண்டு பின்னங்காலும் இழுபடுதல், கழிக்க முடியாமல் வயிறு உப்புதல், தொட்டாலும் தலை தூக்காமை. இவற்றில் ஒன்று வந்தால் இரவென்றும் பாராமல் அவசர மருத்துவமனைக்குப் போங்கள். எல்லா இடத்திலும் ஊர்வன பார்க்க மாட்டார்கள், எது பார்க்கும் என்று இப்போதே போன் செய்து கேட்டு, நம்பரைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். இது குளிர்காலம் என்பதால் இன்னொன்று: காரை முன்பே சூடாக்குங்கள். கெக்கோவைச் சின்ன டப்பாவில் வைத்து, அதை வெப்பம் காக்கும் லஞ்ச் பைக்குள் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். டப்பாவுக்குள் வைக்க வேண்டாம். வீட்டில் கரண்ட் போனாலும் இதே ஏற்பாடுதான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில் கண்டிப்பாக இருங்கள். நலமான கெக்கோவின் கழிவிலும் சால்மனெல்லா இருக்கலாம். தண்ணீர்ப் பாத்திரத்தையும் பெட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அந்த அறைப்பக்கமே விடாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் தேறாமல் போகலாம். முதுகெலும்பில் அடிபட்டிருந்தாலோ கிருமி உடம்பெங்கும் பரவிவிட்டாலோ டாக்டரே நிம்மதியாக அனுப்பிவிடலாமா என்று கேட்பார். அந்த முடிவு எடுக்க நேர்ந்தால் அவரிடமே விடுங்கள்; மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். பிரீசரில் வைத்தால் தூங்குவது போலப் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அது பொய், அது கொடுமை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் அந்த நிலை தெரியவில்லை. பல் குத்துகள் நெஞ்சுக்குள் இறங்கவில்லை, முதுகு நன்றாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள். என் கணிப்பில் இது தேறிவிடும்.

பல்லிக்குப் போய் இவ்வளவு செலவா என்று உறவுக்காரர்கள் சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பக்கம் ஒதுக்கியவர்கள் நாம், அதற்கு டாக்டர் பார்த்தால் மட்டும் சிரிப்பதா? லெப்பர்ட் கெக்கோ நன்றாக வளர்த்தால் பதினைந்து இருபது வருடம் இருக்கும். உங்களுடையதற்கு நாலுதான் ஆகிறது.

மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பழைய தொட்டி. அதற்குள் அதன் மூடிக்கு இரண்டு பக்கமும் இறுக்கும் கிளிப் வாங்கிப் போட்டுவிடுங்கள், மேலே கனமான புத்தகம் வைப்பதெல்லாம் பூனைக்கு ஒரு பொருட்டே இல்லை. மணலைத் திரும்பக் கொட்டுவதற்கு முன் விலாக் குத்துகள் முழுதாக மூடியிருக்க வேண்டும், வால் நுனியில் தோல் வந்திருக்க வேண்டும். இன்றைக்கு எடை எவ்வளவு, சூடான பக்கம் எத்தனை டிகிரி காட்டுகிறது, கடைசியாக எப்போது கழித்தது, அந்த வெள்ளைத் துண்டு என்ன நிறம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.